வடபுல இல்லத்தில் ஒரு பெண்பார்ப்பு

வெள்ளவத்தையில் பெண் பார்க்க இடமில்லை. இத்தனை கோயில், இத்தனை மண்டபம், இத்தனை சாப்பாட்டுக்கடை, கூப்பிடு தூரத்தில் கடல், எல்லாம் இருந்தும் இல்லை. வீட்டில் வைத்துப் பார்க்கலாமென்றால், மாப்பிள்ளை வீட்டார் லிப்ற்றில் ஏறி இறங்குவதற்குள் தொடர்மாடி முழுக்கச் செய்தி போய்விடும். சம்பந்தம் சரிவந்தால் நல்லது. சரிவராவிட்டால் படியில் காண்கிற ஒவ்வொருத்திக்கும் மாதக்கணக்கில் காரணம் சொல்ல வேண்டும். கோயிலில் பார்க்கலாமென்றால் வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையே அங்கேதான் நிற்கிறது. கடற்கரையில் பார்த்தால் காற்று. அழகுநிலையத்தில் மணிக்கணக்காக இருந்து கட்டிய கொண்டை மாப்பிள்ளை வருமுன்னரே அவிழ்ந்துவிடும்.

இரத்தினசிங்கத்துக்கு இதெல்லாம் மனப்பாடம். கொழும்புக் காலி வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், வம்புதும்பு, சோலிசுரட்டுக்குப் போகாத மனிதர். அவருடைய ஒரே மகள் தர்மினியை வீட்டிலும் பார்த்தாயிற்று, கோயிலிலும் பார்த்தாயிற்று, கடற்கரையிலும் பார்த்தாயிற்று. வந்தவர்களில் ஒருவர் நிறம் காணாது என்றார். ஒருவர் உயரம் கூட என்றார். இன்னொருவர் எல்லாம் நல்லாய்த்தான் இருக்கு, ஆனால் வயது, என்று இழுத்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். தர்மினிக்கு முப்பத்தொரு வயது. பெரிய கம்பனியொன்றில் கணக்காளர். முப்பத்தொன்று என்பது கம்பனியில் சின்ன வயது. கலியாணச் சந்தையில் அது தொல்பொருள்.

கடைசியாக வந்துபோன கூட்டம் அவளை எழும்பி நடந்து காட்டச் சொன்னது. அன்றைக்கு அவர்கள் போனபிறகு அவள் அழவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து தகப்பனிடம் சொன்னாள்:

“அப்பா, இன்னும் ஒரேயொருக்கா வாறன். அதுக்குப் பிறகு ஒருத்தருக்கு முன்னாலையும் நான் வந்து நிக்க மாட்டன். நீங்களும் கேக்கக் கூடாது.”

சொன்னால் சொன்னதுதான். தாய் நாகேஸ்வரிக்கு அது தெரியும். ஆகவே அந்தக் கடைசி ஒன்றைக் கண்ணில் எண்ணெய் விட்டுத் தேடி, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பிரணவன் என்ற பொறியியலாளரின் சாதகக் குறிப்பைத் தெரிந்தெடுத்தார்கள். பொருத்தம் நல்ல பொருத்தம். பையனின் படத்தைத் தர்மினியும் பார்த்து, வேண்டாம் என்று சொல்லாமல் விட்டாள். அவள் அப்படி விட்டதே பெரிய காரியம் என்று நாகேஸ்வரி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தாள்.

இனி இடம். தரகர்தான் யோசனை சொன்னார். அந்த வருடம் கொழும்பின் எல்லையில் ஒரு சதுப்பு நிலத்தை நிரப்பி, வாழும் மரபுக் கிராமம் என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். அதற்கென்று ஓர் அதிகாரசபை, அதிகாரசபைக்கு ஒரு பணிப்பாளர், பணிப்பாளருக்கு ஒரு வாகனம். நாட்டின் எல்லாச் சனங்களுடைய பழைய வீடும் அங்கே ஒவ்வொன்று இருந்தது. வீட்டுக்குள் பழைய காலத்து ஆட்களாக வேடமிட்டவர்கள் சமைப்பார்கள், நெய்வார்கள், இரும்பு அடிப்பார்கள். கட்டணம் கட்டிவிட்டுப் போய்ப் பார்க்கலாம். அங்கே போகிற வெள்ளவத்தைக்காரர் ஒருவரும் இல்லை என்பதுதான் அதன் பெரிய சிறப்பு என்று தரகர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, வடபுல இல்லம் என்ற யாழ்ப்பாண வீட்டு வாசலில் இரண்டு குடும்பமும் சந்திப்பதாக ஏற்பாடாயிற்று.

கிராமத்து வாசலில் ஆளுயரத்துக்கு ஓர் அறிவித்தல் நின்றது. கிராமவாசிகள் பாதணி அணியலாகாது என்றும், பார்வையாளர் பாதணி கழற்றலாகாது என்றும் மூன்று மொழியில் எழுதியிருந்தது. அறிவித்தலைப் படிக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு எப்போது இருந்தது? இரத்தினசிங்கமும் நாகேஸ்வரியும் தர்மினியும் நேரே உள்ளே போனார்கள்.

வடபுல இல்லம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பக்கத்தில் சீமெந்தால் செய்த பனை. அதில் பிளாஸ்ரிக் நுங்கு. உரலும் உலக்கையும் களவு போகாதபடி ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருந்தன. மாடு கட்டுகிற இடத்தில் மாடு இல்லை. ஒலிபெருக்கி ஒன்று அடிக்கடி அம்மா என்றது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை. வெயில் சுட்டதால் உள்ளே இருப்போம் என்றாள் நாகேஸ்வரி. மூன்று பேரும் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

யாழ்ப்பாணத்து வீடொன்றுக்குள் செருப்போடு எப்படிப் போவது? அது சீமெந்தாலும் பிளாஸ்ரிக்காலும் செய்த வீடாக இருக்கட்டும், வீடு வீடுதானே. அவர்கள் செய்த பிழை அது ஒன்றுதான்.

அடுத்த நிமிடமே கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் உத்தியோகத்தர் ஓடி வந்தார். பெயர் பௌஸி. பதவி, மரபுத் தூய்மை அலுவலர். வந்தவர் மூன்று பேரின் வெறுங்காலையும் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு பெரிய நிம்மதி வந்தது. இந்த நேரமா வருவது என்று கேட்டார். வடபுலக் குடும்பமாக நடிக்கிறவர்கள் மொறட்டுவையைச் சேர்ந்த சிங்கள நாடகக்காரர்களாம். அவர்கள் மூன்று நாளாக வரவில்லையாம். பதிலுக்கு ஆள் அனுப்புவதாகத் தலைமை அலுவலகம் சொல்லியிருந்ததாம். ஒருவழியாக அனுப்பிவிட்டார்களே என்று சொல்லிக்கொண்டே மூன்று சோடிச் செருப்பையும் காலத்துக்கு ஒவ்வாத பொருள் என்று ஒரு பைக்குள் போட்டார்.

இரத்தினசிங்கம் பதறிப்போய், தாங்கள் பார்க்க வந்தவர்கள் என்று சொல்லி ரிக்கற்றை எடுத்து நீட்டினார். பௌஸி அதை வாங்கியும் பார்க்கவில்லை.

“டிக்கட் எங்க வேலையாக்களுக்கும் குடுக்கிறதுதான் சேர். ஆள் வந்த கணக்க மேல காட்டணுமே.”

கைபேசிகளும் கைக்கடிகாரமும் நாகேஸ்வரியின் கைப்பையும் பைக்குள் போயின. கடைசியில் பௌஸியின் கை இரத்தினசிங்கத்தின் மூக்கை நோக்கி வந்தது. அந்தக் காலத்தில் கண்ணாடி இருந்தது என்று இரத்தினசிங்கம் வாதாடினார். கண்ணாடிக் கடைக்காரர் அல்லவா, ஆதாரத்தோடு வாதாடினார். இருந்திருக்கும், ஆனால் நீங்கள் வயலில் நிற்கிற கமக்காரன், என்று சொல்லி அதையும் கழற்றிக்கொண்டார் பௌஸி. சேட்டுக்கும் அதே கதி. கரை போட்ட முரட்டு வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு, கையெட்டுகிற தூரத்துக்கு அப்பால் உலகம் முழுக்கப் புகையாக, இரத்தினசிங்கம் பாயில் உட்கார்ந்தார்.

எழும்பிப் போய்விடலாம்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வரப்போவது இந்த வாசலுக்கு. கைபேசியும் கையில் இல்லை. இங்கிருந்து அசைந்தால் அவர்களைத் தவறவிட்டுவிடுவோம், பெண் வீட்டார் வராமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை பரவும். நாகேஸ்வரி அதையெல்லாம் ஒரு நொடியில் யோசித்தாள்.

“இருங்கோ. அவை வரும் வரைக்கும் இருப்பம். சேட்டில்லாட்டி என்ன, வீட்டில நீங்கள் சேட்டோடையே இருக்கிறனீங்கள்?”

தர்மினி ஒட்டின உலக்கையில் சாய்ந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். வாசலுக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற வழிகாட்டிப் பெண், இது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறாம் ஆண்டு என்றும், பாயில் இருப்பவர் புகையிலை விளைச்சல் பொய்த்துப்போன கவலையில் இருக்கிறார் என்றும் விளக்கினாள். இரத்தினசிங்கம் கவலையில்தான் இருந்தார், ஆகவே படம் எடுத்தவர்களுக்குத் திருப்தி. இந்த ஆட்கள் பேசுவார்களா என்று ஒரு மனுசி கேட்டாள். பேசுவார்கள், ஆனால் அந்தக் காலத்து விசயம் மட்டும்தான் பேசுவார்கள் என்றாள் வழிகாட்டி. தாகம் தாங்காமல் இரத்தினசிங்கம் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டார். உடனே பௌஸி தூணுக்குப் பின்னாலிருந்து வந்து எச்சரித்தார்.

எச்சரிக்கை போத்தலோடு முடியவில்லை. மரபுத் தூய்மை அலுவலர் என்ற முறையில் அவருக்கு வேறு முறைப்பாடுகளும் இருந்தன. வடபுலத்தார் வடக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்று ஆலோசனைக் குழு முடிவெடுத்திருந்தது. இரத்தினசிங்கம் கிழக்குப் பார்த்து இருந்தார். வசனத்துக்கு ஒரு ஓம் சேர்க்க வேண்டும் என்பது விதி. இரத்தினசிங்கம் ஓம் வருகிற இடத்தில் மட்டும் ஓம் சொன்னார். முக்கியமான குறை வேறு.

“நீங்க பேசுற யாழ்ப்பாணத் தமிழ் சரி இல்ல சேர். மொறட்டுவ மனுஷன் ஒங்கள விட நல்லாப் பேசினாரு. கொஞ்சம் பழகிக்கங்க.”

சங்கானையில் பிறந்து, சங்கானையில் படித்து, தாயோடும் தகப்பனோடும் அந்தத் தமிழிலேயே சண்டை பிடித்து வளர்ந்த மனிதர், வாயைத் திறந்தார். பிறகு மூடினார். ஓம், என்றார்.

இந்தச் சீரில்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். பிரணவனும் அவனுடைய தாய் விசாலாட்சியும். பட்டுச்சேலையும் பெரிய கைப்பையுமாக வந்த விசாலாட்சி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, காலி வீதிக் கடை முதலாளியையும் குடும்பத்தையும் தேடினாள். வாசலில் கண்டது சேட்டில்லாமல் வடக்குப் பார்த்துக் குந்தியிருந்த ஒரு கமக்காரனை. புகையிலை விளைச்சல் பொய்த்து, கடனில் வயலை ஈடுவைத்தவர் என்று வழிகாட்டி அந்த நேரம் பார்த்துத்தான் சொல்லவேண்டுமா?

இரத்தினசிங்கத்துக்கு வந்தது யாரென்று தெரியவில்லை, புகை புகையாகச் சில உருவங்கள்தான். நாகேஸ்வரிதான் படத்தில் கண்ட முகத்தை அடையாளம் கண்டு, வாங்கோ வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ என்று எழும்பி ஓடினாள். கயிற்றைத் தாண்டக் கூடாது என்று பௌஸி குறுக்கே நின்றார். கயிற்றின் மேலாகவே நாகேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். விசாலாட்சி நம்பவா விடவா என்று தெரியாமல் மகனைப் பார்த்தாள். மகன் உள்ளே உலக்கையடியில் நின்ற தர்மினியைப் பார்த்தான். தர்மினி பழக்கதோசத்தில் நிலத்தைப் பார்த்தாள்.

பௌஸிக்கு விசயம் அப்போதுதான் பிடிபட்டது. இவர்கள் பெண் பார்க்கிறார்கள். அவர் கோபிக்கவில்லை. மாறாகப் பரவசமானார். பெண்பார்க்கும் வைபவம் அதிகாரசபையின் இரண்டாம் கட்டத் திட்டத்தில் நிதிக்காகக் காத்துக்கிடந்த நிகழ்ச்சி. நிதியில்லாமலே அது வந்து வாசலில் நிற்கிறது. உடனே பணிப்பாளருக்கு அறிவித்தார்.

பணிப்பாளர் கலாநிதி ஞானசம்பந்தம் வாகனத்தில் வந்து இறங்கினார். இரண்டு கமெராக்காரர்களும், வெளிநாட்டுத் தூதுக்குழு ஒன்றும், ஓர் ஒலிவாங்கியும் கூடவே இறங்கின. கிராமத்தில் இருந்த பார்வையாளர் எல்லோரும் வடபுல இல்லத்துக்கு வரும்படி மாட்டின் ஒலிபெருக்கி அறிவித்தது. இரத்தினசிங்கத்துக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. படித்த மனிதர், அதுவும் எங்கட ஆள், எடுத்துச் சொன்னால் விளங்கும் என்று எழும்பி, நாங்கள் உண்மையான ஆட்கள் சேர் என்று தொடங்கினார். பணிப்பாளர் அவருடைய தோளைத் தட்டி, அதுதான் சிக்கல் என்றார். பிறகு சனத்தின் பக்கம் திரும்பினார்.

“பெரியோர்களே, நாம் இங்கே பாதுகாப்பது வாழ்க்கையை அல்ல, வாழ்க்கை முறையை. வாழ்கின்றவர்களின் கையில் விட்டால் அது கெட்டுப்போகும். இந்த நிலத்திலேயே முன்பு சில குடும்பங்கள் வாழ்ந்து, இடத்தைப் பழுதாக்கிக்கொண்டிருந்தன. அவர்களை அப்புறப்படுத்திய பின்னர்தான் இங்கே ஒரு கிராமத்தை உண்டாக்க முடிந்தது. அவர்களுடைய குடிசை ஒன்றும் மூன்றாம் கட்டத்தில் இங்கே காட்சிக்கு வைக்கப்படும் என்று நானே அவர்களிடம் வாக்களித்திருக்கிறேன்.”

சனம் கைதட்டியது. தூதுக்குழு தலையாட்டியது.

பிறகு பணிப்பாளர் வைபவத்தைப் பரிசீலித்தார். தகப்பன் பரவாயில்லை, முகத்தில் தேவையான அளவு குழப்பம் இருக்கிறது என்றார். தாய்மார் இருவரும் நல்ல பொருத்தம். பெண்ணின் வயதைக் கேட்டறிந்ததும் முகம் சுளித்தார். அந்தக் காலத்தில் முப்பத்தொரு வயதில் பெண் பார்ப்பதில்லை, பேரன் பார்ப்பார்கள், ஆகவே இந்தப் பெண் வரலாற்றுக்குப் பொருந்தமாட்டாள் என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார். மாப்பிள்ளைக்கு மீசை இல்லை, ஆகவே அவரும் பொருந்தமாட்டார்.

நாகேஸ்வரி மனதுக்குள் திட்டினாள். வீட்டில் வைத்துச் சொன்னதை இப்போது ஒலிபெருக்கியில் சொல்லுகிறானே பாழ்படுவான். மகளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இதுதான் கடைசி என்று அவள் சொன்னது காதுக்குள் நின்றது.

மாற்று ஏற்பாடு அந்த இடத்திலேயே நடந்தது. அடுத்த வீட்டில் தறி நெய்கிற வேடத்திலிருந்த கொன்ஸ்ரன்ஸ் என்ற பெண்ணைக் கூட்டிவந்து பெண்ணாக்கினார்கள். கொல்லன் பட்டறையில் இரும்பு அடித்துக்கொண்டிருந்த இராமருக்கு மீசை இருந்தது, அவர் மாப்பிள்ளையானார். அசல் பெண்ணையும் அசல் மாப்பிள்ளையையும் பௌஸி மரியாதையாகக் கயிற்றுக்கு வெளியே அனுப்பி, மற்றவர்களுக்கு மறைக்காமல் ஒதுங்கி நின்று பார்க்கச் சொன்னார்.

வைபவம் தொடங்கியது. விசாலாட்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் இருந்தாள். அவளுக்கு இதெல்லாம் கூத்து என்று தெரியும். ஆனாலும் முன்னால் வெற்றிலைத்தட்டு, எதிரில் சம்பந்தி, சுற்றிவரச் சனம், கமெரா. கலியாணப் பேச்சு என்று உட்கார்ந்துவிட்டால் எந்தத் தாய்க்குச் சும்மா இருக்க வரும்? வீடு எங்கே, காணி எவ்வளவு என்று உள்ளபடியே விசாரிக்கத் தொடங்கினாள். இரத்தினசிங்கமும் தன்னை மறந்து உள்ளபடியே பதில் சொன்னார். வெள்ளவத்தை வீட்டை மகளுக்குத்தான் எழுதுவோம் என்றார். தொடர்மாடி அந்தக் காலத்தில் இல்லை என்று பௌஸி திருத்தியதும், அதைப் பனந்தோப்பு என்று மாற்றிச் சொன்னார். கொன்ஸ்ரன்ஸ் தலையைக் குனிந்தபடி தட்டோடு வந்து, நிலம் பார்த்து நின்று, நிலம் பார்த்தே போனாள். சனம் ஆகா என்றது. நாகேஸ்வரியும் விசாலாட்சியும் எழும்பித் தட்டு மாற்றிக்கொண்டார்கள். பணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல் அடங்கியபிறகு விசாலாட்சி பக்கத்தில் இருந்த நாகேஸ்வரியின் காதுக்குள் ஒரு குண்டைப் போட்டாள். உங்கட மகளும் நல்ல பிள்ளைதான், ஆனால் இந்தப் பிள்ளையின் அடக்கத்தைப் பாருங்கோ என்றாள். அதோடு விடவில்லை. கொன்ஸ்ரன்ஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, எந்த ஊர் பிள்ளை, குறிப்பு இருக்கோ என்று கேட்டாள். கொன்ஸ்ரன்ஸ் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். தானும் கொட்டாஞ்சேனைதான், மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு, புருசனுக்குத் துறைமுகத்தில் வேலை, மூத்தவன் இந்த வருடம் பள்ளிக்கூடம் போகிறான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வீட்டில் இப்படித் தலையைக் குனிந்தால் பிடரி நோகும் அன்ரி, இங்கே சம்பளத்துக்குக் குனிகிறேன் என்றாள்.

விசாலாட்சி அசடு வழிய மகனைத் தேடினாள். மகன் நின்ற இடத்தில் இல்லை. நாகேஸ்வரியும் எட்டிப் பார்த்தாள். தர்மினியையும் காணவில்லை.

இரத்தினசிங்கம் பாயிலிருந்து துள்ளி எழும்பினார். கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். ஒலிபெருக்கியில் வயதைச் சொன்னதையும், தன் தகப்பன் வேறொருத்தியை வைத்துக்கொண்டு தன்னுடைய கலியாணம் பேசியதையும். ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போயிருப்பாள், இனி இந்தப் பேச்சே எடுக்க ஏலாது. எவ்வளவு வெட்கங்கெட்ட வேலை பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கயிற்றைத் தாண்டினார். கூடாது சேர் என்று பௌஸி கத்தியதை அவர் காதில் வாங்கவில்லை. வெறுங்காலோடு, கல்லும் முள்ளும் குத்த, எதிர்ப்பட்ட ஒவ்வொரு பெண்ணுருவத்துக்குக் கிட்டவும் போய் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு ஓடினார். பின்னால் நாகேஸ்வரி, அவளுக்குப் பின்னால் விசாலாட்சி, எல்லோருக்கும் பின்னால் பௌஸி.

கொல்லன் பட்டறைக்குப் பின்புறம், பார்வையாளருக்கு அனுமதியில்லாத இடத்தில், ஜெனரேற்றரும் ஊழியர் கன்ரீனும் இருந்தன. சத்தத்தோடு சத்தமாக அங்கே ஒரு சிரிப்புக் கேட்டது. இரத்தினசிங்கத்துக்கு அந்தச் சிரிப்பு தெரியும். ஆனால் கேட்டு எத்தனையோ காலம்.

தர்மினி ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். எதிரில் பிரணவன். நடுவில் ஒரு தட்டில் ரோல்ஸ். ஒன்றை வாய் நிறையக் கடித்துக்கொண்டு அவள் எதையோ சொல்ல, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. வந்து நின்றவர்களையும் கவனிக்கவில்லை.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த பௌஸி, இது ஒருக்காலும் முடியாது என்றார். கலியாணப் பேச்சுக்கால் நடக்கும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாக இருந்து கதைப்பது எந்த மரபிலும் இல்லை, கிராமத்தின் எல்லைக்குள் இதை அனுமதிக்க ஏலாது, உடனே எழும்ப வேண்டும் என்றார். இரத்தினசிங்கம் அவரைக் கையால் மறித்தார். அவருடைய வாழ்க்கையில் உத்தியோகத்தர் ஒருவரை அவர் மறித்தது அதுதான் முதல் தடவை.

“தம்பி, உங்கட மரபு அங்க கயித்துக்கு உள்ளுக்கை இருக்கு, போய்ப் பாருங்கோ. இது என்ர பிள்ளை.”

பௌஸி நாகேஸ்வரியின் முகத்தைக் கண்டு பின்வாங்கினார். விசாலாட்சி மகனைப் பார்த்து, எல்லாம் பேசித் தட்டும் மாற்றியாயிற்று என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். நாங்களும் பேசி முடித்துவிட்டோம் அம்மா என்றான் அவன்.

இரத்தினசிங்கம் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இனிக் கேட்கக் கூடாது என்று சொன்னவள் அல்லவா. மண் ஒட்டின வெறுங்காலோடும் வெறும் மேலோடும் நின்ற தகப்பனை அவள் மேலும் கீழும் பார்த்தாள். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

“எத்தினை பேர் வந்து என்னைப் பாத்திட்டுப் போயிருக்கினம், அப்பா. இண்டைக்குத்தான் ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை. அதால நான் ஆறுதலா இருந்து அவரைப் பாத்தனான். எனக்குப் பிடிச்சிருக்கு.”